பெயர் எழுதிய இட்லி வண்டி

தொண்டு நிறுவன வேலையில் ஒரு பொருளைக் கொடுப்பது பாதி, கொடுத்தவர் பெயரை அதன்மேல் எழுதுவது மீதி. இந்த வேலையில் இருக்கிற சகபாவிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தையல் மெஷின் மேல், தண்ணீர் டிரம் மேல், ஏன், ஆட்டுக்குட்டியின் கழுத்துப் பட்டையில்கூட நீங்களும் பெயர் எழுத வைத்திருப்பீர்கள். எங்கள் அலுவலகம் பூந்தமல்லியில். ஆவடி, பட்டாபிராம் பக்கத்துப் பெண்களுக்குச் சின்னதாக ஒரு தொழில் வைத்துக் கொடுப்பது என் வேலை. நான் பார்த்த எத்தனையோ வண்டிகளில் இந்த ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை.

இடம் பத்தவில்லை

சேக்காட்டில் இருக்கிற தனம், அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி தைத்துக்கொண்டிருந்தவள். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டாள். நெமிலிச்சேரி ஸ்டேஷன் வாசலில் இட்லிக் கடை போட வேண்டும் என்று எங்களிடம் வந்தாள். ஒரு பெரிய நிறுவனம் தள்ளுவண்டி வாங்கித் தர ஒப்புக்கொண்டது. ஆனால் இரண்டு நிபந்தனை. வண்டியில் அவர்கள் பெயர் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் வியாபாரம் நிலைக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டியைத் திரும்ப வாங்கி, காத்திருக்கிற அடுத்த பெண்ணிடம் கொடுத்துவிட வேண்டும். தனத்துக்கோ பழைய வேலைக்குத் திரும்பிப் போக உடம்பு இடம் கொடுக்காது. அவளுக்கு இருந்தது அந்த வண்டி ஒன்றுதான்.

பெயர் எழுத பாஷா பாயைக் கூப்பிட்டோம். பூந்தமல்லியில் பாதிக் கடைகளின் போர்டு அவர் கைவண்ணம்தான். வண்டியின் முன்பக்கத் தகரத்தில் நிறுவனத் தலைவரின் படம் வந்தது. அடியில் நிறுவனத்தின் பெயர். அதற்கும் அடியில், 'ஆதரவற்ற பெண்ணின் வாழ்வாதாரத்திற்காக அன்பளிப்பு'. எங்கள் பெயரும் வேண்டும் என்று எங்கள் செயலாளர் சொன்னதால் அதுவும் வந்தது. இட்லி என்று எங்கே எழுதப்போகிறீர்கள் என்று தனம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். பாய் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து பிரஷைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இனிமே எழுதணும்னா சட்னி மேலதாம்மா எழுதணும்."

நல்ல மனசுக்காரர்கள்

முதல் வாரம் காலையில் நானும் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றேன். ரயிலுக்கு ஓடுகிற கூட்டம் போர்டைப் படித்தது, தனத்தைப் பார்த்தது, 'ச்சு' கொட்டிவிட்டுப் போய்விட்டது. ஒருத்தர் பணத்தை வைத்துவிட்டு இட்லி வேண்டாம் என்று நகர்ந்தார். தனம் தட்டோடு பின்னாலேயே ஓடியும் வாங்கவில்லை. இன்னொருத்தர் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினார். சாப்பிடத்தான் ஆள் இல்லை. மிச்சமான இட்லியெல்லாம் உப்புமாவாகி ராத்திரி அவள் வீட்டுக்கே சாப்பாடானது.

பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வருகிற பெண் ஒருத்தி, ஐடி கம்பெனி அட்டை கழுத்தில் தொங்க, தினமும் வண்டியைத் தாண்டிப் போவாள். பார்த்தால் பசியோடு ஓடுகிறவள் மாதிரிதான் இருந்தாள். ஒருநாள் நிறுத்தி, ஏம்மா இங்கே சாப்பிடுவதில்லை, சுத்தமாக இல்லையா என்று கேட்டேன். அவள் பதறிப்போய்விட்டாள். உண்மையாகவே இரக்கப்பட்டுச் சொன்னாள்: "அது கஷ்டப்படுறவங்களுக்குன்னு வச்ச கடைதானக்கா? அதுல நாங்க போய்ச் சாப்பிட்டா பாவம் இல்லையா?"

உயிரோடு இருக்கிற புருஷன்

அடுத்து தனத்தின் புருஷன் குமார் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். லோடு ஏற்றுகிற ஆள், வாட்டசாட்டமாக இருப்பார். சத்தம் போடப்போகிறார் என்று நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவரோ கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, கூட வேலை செய்கிறவர்கள் போர்டைப் படித்துவிட்டுத் தன்னைப் பார்த்து எப்போது காரியம் என்று விசாரிப்பதாகச் சொன்னார். அந்த வாசகம் எல்லா வண்டிக்கும் பொதுவாக எழுதுவது, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சமாதானம் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க பொதுவா எழுதுனா நான் பொதுவா சாவணுமா மேடம்? ஊட்லதான் கீறேன். தெனமும் மாவு ஆட்றதே நான்தான்."

இரண்டு பக்கம்

செயலாளரிடம் போய் அந்த ஒரு வரியையாவது எடுத்துவிடலாம் என்றேன். வாசகம் நன்கொடை தந்தவர்களுடையது, பெயர் தெரியாவிட்டால் வண்டியே நமக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. மாதச் சம்பளம் வாங்குகிறவளின் கோபம் எவ்வளவு தூரம் போகும், சொல்லுங்கள்? தனத்திடம் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பக்கம் போனால் வண்டியைக் காணோம். அதே இடத்தில் ஒரு கூட்டம் தட்டோடு நின்றது. விலக்கிப் பார்த்தால் உள்ளே தனம். போர்டில் சிவப்பாக, பெரிதாக, 'தனம் இட்லிக் கடை'. பக்கத்தில் ஆவி பறக்கிற ஒரு இட்லிப் படம். அந்த ஐடி பெண்கூட நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய நான் தேதியை எண்ணிப் பார்த்தேன். வியாபாரம் நிலைத்ததா என்று பார்க்க அடுத்த வாரம் நிறுவனத்திலிருந்து ஆள் வருகிறார். எழுத்து பாஷா பாயுடையது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. போன் போட்டு, பெயரை அழித்துவிட்டீர்களா என்று கத்தினேன். ஒரு எழுத்தையும் அழிக்கவில்லை, தகரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டியிருக்கிறேன் என்றார். இதைச் செய்யலாமா பாய் என்று கேட்டேன். நிதானமாகச் சொன்னார்: "தகரத்துக்கு ரெண்டு பக்கம் கீதும்மா. நீங்க ஒரு பக்கத்துக்குத்தான் காசு குடுத்தீங்க."

யாருக்குத் தெரிய வேண்டும்

அவர்கள் வருகிற அன்று மட்டும் தகரத்தைப் பழையபடி திருப்பிவிடு என்று தனத்திடம் கெஞ்சினேன். சரிக்கா என்று தலையாட்டினாள். அந்த நாளும் வந்தது. நிறுவனத்து இளைஞர் ஒருவர் காரில் வராமல், சொன்ன நேரத்துக்கு முன்பே ரயிலில் வந்து இறங்கிவிட்டார். நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது தனத்தின் வண்டியில்தான் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்னி நன்றாக இருக்கிறது, நீங்களும் சாப்பிடுங்கள் என்று என்னை உபசரித்துவிட்டு, நம்ம வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டார். தகரம் இன்னும் திருப்பப்படவில்லை. நான் இதுதான் என்று கையைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. பெயர் எங்கே என்று தனத்தைப் பார்த்துக் கேட்டார்.

ஒரு வார்த்தை தப்பினால் வண்டி போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். கரண்டியை வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவரை அடுப்புப் பக்கம் வரச்சொன்னாள். உள்பக்கமாக, அவள் நிற்கிற இடத்துக்கு நேராக, அந்த நிறுவனத்தின் பெயரும் தலைவரின் படமும் இருந்தன. மாவு தெறித்த ஒரு புள்ளிகூட அதில் இல்லை. தினமும் துடைக்கிறாள் போல. அதைக் காட்டிவிட்டுக் கேட்டாள்: "குடுத்தவங்க பேரு வாங்குனவளுக்குத் தெரிஞ்சா பத்தாதா சார்? துன்றவங்களுக்கு எதுக்கு?"

அவர் தட்டில் மிச்சமிருந்த இட்லியைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு சாப்பிட்டதற்குப் பணம் கொடுத்துவிட்டு, அடுப்புப் பக்கமே குனிந்து நின்று ஒரு படம் எடுத்தார். அதில் பெயரும் இருந்தது, தனமும் இருந்தாள், எதிரே தட்டோடு நின்ற கூட்டமும் இருந்தது. வண்டி தனத்துக்கே என்று முடிவாகிவிட்டது. அன்றைக்கு நானும் காசு கொடுத்து இட்லி சாப்பிட்டேன்.

இந்தத் தொழிலில் யாரும் பாடம் கற்றுக்கொள்வதில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அடுத்த வண்டிகளுக்குத் தகரத்தின் இரண்டு பக்கமும் பெயர் எழுதச் சொல்லி எங்களுக்கு உத்தரவு வந்திருக்கிறது.