கூரைக்குக் கீழே ஏழு கோடு

ஜுபைதா சாச்சி என் உம்மாவின் தங்கை. நிக்காஹ் முடிந்து ஷார்ஜாவுக்கு வந்த நாளிலிருந்து எட்டு வருடம், ஒரு ஃபிளாட்டின் ஹாலைப் பலகை வைத்துத் தடுத்த கால்வாசி இடத்தில் குடித்தனம் நடத்தியவர். பக்கத்துத் தடுப்பில் யாராவது தும்மினால் இங்கிருந்தே பதில் துஆ சொல்லலாம். அபாயா அங்கிகளுக்குக் கல்லும் ஜரிகையும் வைத்துத் தைத்துக் கொடுப்பார். எந்த டிசைனையும் ஒருமுறை பார்த்தால் போதும், ஊசியில் வந்துவிடும்.

2006-ல் அஜ்மானில் தனி ஃபிளாட் அமைந்தது. சாச்சியின் கணவர் சித்தீக் சாச்சா துபாயில் சீன மார்க்கெட்டுக்கு வேன் ஓட்டுகிறார். அங்கே கடை வைத்திருக்கும் லீ என்ற பெண், புது வீட்டுக்கென்று ஒரு சிவப்புத் தாள் கொடுத்தனுப்பினாள். தங்க மையில் ஒற்றை எழுத்து: 家. 'வீடு' என்று அர்த்தமாம். சாச்சிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவருடைய மாமியார் மெஹர்பானு விசிட் விசாவில் வந்திருந்தார். "எம்மவனுக்கு இன்னும் ஒரு வீடு அமையல" என்று எட்டு வருடமாக ஃபோனில் ஓதியவர். தொழும்போது தலையை மூடும் அவருடைய வெள்ளை மக்கனாவில், நெற்றிக்கு நேர் மேலே, அந்த எழுத்தைத் தைத்துக் கொடுத்தார் சாச்சி.

லீவுக்கு அங்கே வந்திருந்த எனக்குக் கை அரித்தது; யாரையாவது ஏமாற்றி விளையாடாவிட்டால் எனக்குப் பொழுது போகாது. அந்த எழுத்துக்குக் கக்கூஸ் என்று அர்த்தம் எனக் கதை விடத் திட்டம். கொஞ்சம் விவரம் சேர்க்கலாமென்று சாச்சாவின் வேனில் ஏறி லீயிடம் போனேன். அவள் ஓர் அட்டையில் எழுதியே காட்டினாள். மேலே மூன்று கோடு, கூரை. கீழே ஏழு கோடு.

கீழே உள்ளதைத் தொட்டு, "திஸ்... பிக்," என்றாள். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து உறுமியும் காட்டினாள். அந்தக் காலத்தில் கூரையும் அதன் கீழே ஒரு பன்றியும் இருந்தால்தான் அது குடும்பமாம். சந்தோஷமாகச் சொன்னாள்.

நான் கட்டி வைத்திருந்த பொய்யே பரவாயில்லை.

வீட்டுக்குள் நுழைந்தால், அதே மக்கனாவோடு மாமியார் அஸர் தொழுதுகொண்டிருக்கிறார். சாச்சியை அடுப்படிக்கு இழுத்துப்போய்ச் சொன்னேன்.

"ஷம்சியா, அடி வாங்குவே. எதுல விளையாடுறதுன்னு இல்ல?"

"அல்லாஹ் மேல சத்தியமா, சாச்சி."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எட்டு வருஷம் கேட்ட பேச்சு போதாதுன்னு... பன்னியயா அவங்க தலையில வச்சேன்?"

மாமியார் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் நான் முந்திக்கொண்டேன். "அந்த எழுத்துக்குள்ள பன்னி இருக்கு. நான்தான் வேணும்னே சாச்சிய ஏமாத்தித் தைக்க வச்சேன்."

என் பேர் அப்படி. நம்பாமலிருக்க வழியே இல்லை. தீப்பிடித்ததுபோல் மக்கனா அவர் தலையிலிருந்து பறந்தது. அடுத்து என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

"அவள அடிக்காதீங்க மாமி." சாச்சி ஓடிவந்து குறுக்கே நின்றார். "அவளுக்கே இன்னைக்குத்தான் தெரியும். வீடுன்னு சொன்னாங்க. அந்த சந்தோஷத்துல நானாத்தான் தச்சேன்."

மாமியார் மக்கனாவை இரண்டு விரலால் தூக்கி, எழுத்தை உற்றுப் பார்த்தார்.

"இதுல எதுளா பன்னி?"

கீழே காட்டினேன்.

"மேல?"

"கூரை."

"ஜுபைதா, கத்திரிய எடு. கீழ உள்ளத மட்டும் பிரி."

"முழுசாவே எடுத்துடுறேன் மாமி."

"கூர என்ன பாவம் பண்ணுச்சு? ஒன் வீட்டுக்குக் கூர வேணாமா?"

கன்னத்தைத் தடவக்கூட மறந்து நின்றேன். சாச்சி பிரிக்க ஆரம்பித்தார். அவசரத்தில் நாலாவது கோட்டில் துணியும் கிழிந்தது. "பரவால்ல, மெதுவா," என்று மாமியார் எழுந்துபோய், வெளிச்சம் விழுவதற்காக ஜன்னல் திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டார்.