எட்டாவது பெயர்

சேரப்பணஞ்சேரியைத் தாண்டி ஒரகடம் போகிற சாலையில் ஒரு வேதாகமக் கல்லூரி இருந்தது. கல்லூரி என்றதும் மணிக்கூண்டு, தோட்டம் என்று எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடம், நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் வகுப்பு, அந்தப் பக்கம் சமையல்கட்டு. சுவர் கூரை வரைக்கும் எழும்பவில்லை. ஆகவே பரலோகத்தைப் பற்றிய பாடமும் பருப்புத் தாளிக்கிற வாசனையும் எங்களுக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. நாங்கள் எதில் கவனம் வைத்தோம் என்று கேட்காதீர்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு வருஷம் சமைத்தவள் மீனம்மாள் அக்கா. வல்லம் வடகால்காரி, எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள், புருஷன் போன பிறகு சமையல்கட்டுக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையிலேயே குடியிருந்தாள். அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். என்னைப் பற்றியும் கொஞ்சம் வரும், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

நான் டில்லிபாபு, ஊர் பென்னலூர். ப்ளஸ் டூ கணக்கில் கோட்டை விட்டேன். அம்மா உடனே சபையில் எழுந்து, "என் புள்ளைய கர்த்தர் ஊழியத்துக்குக் கூப்ட்டுட்டாரு" என்று சாட்சி சொல்லிவிட்டாள். 2002 ஜூனில் மூன்று வருஷ டிப்ளமோவில் சேர்ந்தேன். எட்டு மாதம் கழித்து, கார் ஸீட் தைக்கிற கம்பெனி ஒன்று கூப்பிட்டது. கர்த்தர் கூப்பிட்டபோது பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. கம்பெனி வேன் அனுப்பியது. நான் வேனில் ஏறினேன்.

எங்கள் கல்லூரிக்கு முதல்வர், வார்டன், வாத்தியார் எல்லாம் ஒரே ஆள்தான், கண்ணப்பன் ஐயா. சென்னையில் இருந்த ஒரு மன்றம் அங்கீகாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. வகுப்புக்கு எட்டுப் பேராவது இருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். எங்கள் செட்டில் ஏழு பேர். ஐயா ரொம்ப யோசிக்கவில்லை. எட்டாவது பெயராகச் சமையல்காரியை எழுதிவிட்டார்.

"சும்மா பேருக்குத்தாம்மா" என்றார் அவளிடம்.

சும்மா பேருக்கு என்று சிலரிடம் சொல்லக் கூடாது. மறுநாள் காலை அக்கா நாற்பது பக்க நோட்டு ஒன்றோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அரை மணி கழித்து எழுந்து, "ஐயா, சோறு வடிச்சிட்டு வந்துடறேன், அதுவரைக்கும் மேல போவாதீங்க" என்றாள். ஐயாவும் நின்றார். அன்றைக்குப் பாடத்தில் செங்கடல் பாதி பிளந்தபடி நின்றது. சோறு வடிந்த பிறகுதான் ஜனங்கள் கரையேறினார்கள்.

அதற்கு முன்பே அத்தனை வருஷம் காதால் கேட்ட பாடம் எல்லாம் அவளிடம் ஏற்கெனவே இருந்தது. சின்னத் தீர்க்கதரிசிகள் எத்தனை பேர் என்று ஐயா கேட்டால் நாங்கள் கூரையைப் பார்ப்போம். "பன்னெண்டு பேர்டா, பேமானிங்களா" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்.

அடுத்த வருஷத்துக்குள் ஏழு பேரும் கம்பெனிகளுக்குப் போய்விட்டோம். ஒருவன் கண்ணாடி, ஒருவன் வயர், ஒருவன் பெயின்ட். பெயர்கள் மட்டும் கல்லூரியில் விசுவாசமாகத் தங்கிப் படித்தன. ஐயா மிச்ச காலம் முழுவதும் ஒரே ஒரு மாணவிக்குப் பாடம் நடத்தினார். அவர் ஒழுங்காக நடத்தியதே அப்போதுதான் என்று பிற்பாடு ஒத்துக்கொண்டார். வகுப்பில் அவளைச் சகோதரி என்பார். வகுப்பு முடிந்ததும், "ஏம்மா, காபி இன்னா ஆச்சு?" என்பார்.

ஒரு நாள் அக்கா அவரிடம் கேட்டிருக்கிறாள்: "ஐயா, எம் பேரை ஒரு நாளும் கூப்புடலியே?"

"நீ ஒருத்திதானேம்மா கீற? எதுக்குக் கூப்பிடணும்?"

நியாயமான பதில்தான். ஆனால் பெயர் கூப்பிடுகிற நாள் வருஷத்துக்கு ஒன்று வந்தது. மன்றத்துச் செயலாளர் பலராமன் ஆய்வுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை அது. எங்கள் ஏழு பேருக்கும் கோழி பிரியாணி என்று சொல்லி அனுப்புவார் ஐயா. நாங்கள் வெள்ளைச் சட்டையில் பக்தி சொட்ட வந்து உட்காருவோம். பிரியாணி செய்ய ஆள் வேண்டுமே? அதனால் அக்கா சமையல்கட்டில் இருப்பாள், அவள் இடத்தில் ஐயாவின் தம்பி மகள் பிரவீனா உட்காருவாள். செயலாளர் "மீனம்மாள்" என்று வாசிப்பார். பிரவீனா எழுந்து "உள்ளேன் ஐயா" என்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் வெங்காயம் நறுக்குகிற சத்தம் கொஞ்சம் நிற்கும். பிறகு மறுபடியும் கேட்கும்.

2005 மார்ச்சில் கடைசிப் பரீட்சை நடந்தது. மேற்பார்வைக்கு இருந்த கண்ணப்பன் ஐயா தினசரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஏழு பேரும் அக்காவைச் சுற்றி உட்கார்ந்து பார்த்து எழுதினோம். அவள் முதல் இடம். நான் இரண்டாவது. அவ்வளவு சுத்தமாகப் பார்த்து எழுதியிருந்தேன்.

அடுத்த மாதம் பட்டமளிப்பு. அதோடு கல்லூரியை மூடிவிட்டு, கம்பெனி வேலைக்கு வருகிற தெற்கத்திப் பையன்கள் தங்குகிற ஹாஸ்டலாகக் கட்டடத்தை மாற்றுவது என்று ஐயா முடிவு செய்திருந்தார். அக்காவுக்கு அங்கேயே சமையல் வேலையும் அதே அறையும் உண்டு. பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார்.

"மேடைக்குப் பிரவீனா போவட்டும்மா. செயலாளருக்கு அவளைத்தான் தெரியும். சர்டிபிகேட் பேப்பர் உன்னுதுதான், சாயந்தரம் வாங்கிக்க."

"பேப்பரை வெச்சிகினு நான் இன்னாங்க ஐயா பண்றது? பேரு கூப்பிட்டா எழுந்து நிக்கணும், அவ்ளோதான்."

"வூடு வேணாவா உனக்கு?" என்றார் ஐயா. அக்கா அரிசி களையப் போய்விட்டாள். ஐயா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

பட்டமளிப்பு ஞாயிற்றுக்கிழமையன்று பிரவீனாவோடு சேர்த்து எட்டுப் பேரும் வாடகைக் கறுப்பு அங்கியில் உட்கார்ந்திருந்தோம். முன் வரிசையில் என் அம்மா, பென்னலூர்ச் சனம் பாதியைக் கூட்டி வந்திருந்தாள். செயலாளர் சான்றிதழைக் கையில் எடுத்து, "முதல் மாணவி, மீனம்மாள்" என்றார். பிரவீனா எழுந்தாள்.

"உள்ளேன் ஐயா."

குரல் பின்னாலிருந்து வந்தது. அக்கா வாசலில் நின்றாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு. செயலாளர் இவளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மூன்று வருஷம் அந்தக் கையால் காபி வாங்கிக் குடித்தவர், முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ ரெண்டாவது வந்தவன். உன்கூட மூணு வருஷம் படிச்ச மீனம்மாள் இவங்கள்ல யாரு?"

கண்ணப்பன் ஐயா என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தச் சான்றிதழால் எனக்கு எட்டணா பிரயோஜனம் கிடையாது, ஸீட் தைக்கிறவனிடம் யாரும் தீர்க்கதரிசிகளைப் பற்றிக் கேட்பதில்லை. இருந்தும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"தெரியலீங்க ஐயா."

அவள் போட்ட சோற்றைத் தின்றவன், அவள் பேப்பரைப் பார்த்து எழுதியவன். த்தூ.

அக்கா கோபப்படவில்லை. "அவனுக்குத் தெரியாதுதாங்க ஐயா" என்றாள் நிதானமாக. "கிளாஸுக்கு வந்திருந்தாத்தானே தெரியும்?"

மற்ற ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதற்கு மேல் செயலாளருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஏழு சான்றிதழை எடுத்துப் பைக்குள் வைத்தார். ஒன்றை மட்டும் கொண்டுபோய் வாசலில் நின்றவளிடம் கொடுத்தார். கை தட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் பிரியாணி அடிப்பிடித்துவிட்டது. கருகின வாசனை சுவரைத் தாண்டி வந்தது, நாங்கள் அதைத்தான் தின்றோம். என் அம்மா தின்னாமல் பஸ் ஏறிவிட்டாள்.

ஹாஸ்டல் வந்தது. அக்காவுக்கு அங்கே வேலையும் இல்லை, அறையும் இல்லை. ஒரு தகரப் பெட்டியோடு வல்லம் வடகாலுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்திருக்கலாம். கம்பெனியில் ஓவர்டைம் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆறேழு மாதம் கழித்து எங்கள் கம்பெனி கேன்டீனைப் புது கான்ட்ராக்டர் எடுத்தார். மத்தியானம் தட்டோடு வரிசையில் போய் நின்றேன். சாம்பார் வாளிக்குப் பின்னால், தலையில் வலைத் தொப்பி போட்டுக்கொண்டு அக்கா நின்றாள்.

தலையைக் குனிந்துகொண்டு தட்டை நீட்டினேன். கரண்டி வரவில்லை. நிமிர்ந்தால், என் சட்டையில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டில்லிபாபு" என்று சத்தமாக வாசித்தாள்.

எனக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். லன்ச்சுக்குக் கொடுத்ததே இருபது நிமிஷம். அவளுக்கு அவசரம் எதுவும் இருந்த மாதிரித் தெரியவில்லை.

"உள்ளேன்க்கா" என்றேன்.

"இன்னிக்காவது வந்தியே" என்று சொல்லிவிட்டு, சாம்பாரை ஊற்றினாள்.