செல்வி என்ற பேரில் ஒரு கம்ப்யூட்டர்

நான் கம்ப்யூட்டரை வைத்துப் பிழைத்தவன். ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது, நடுவில் எதுவும் கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்த ஆள். என் மைத்துனன் ஒரு தடவை தான் பேயைப் பார்த்த கதையைச் சொன்னபோது அவன் எதிரிலேயே பேப்பரைப் பிரித்துப் படித்திருக்கிறேன். நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்களும் அப்படிச் செய்யலாம், தப்பில்லை, ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. மனைவி மைதிலி பேங்க்கில் வேலை. நான் வீட்டிலேயே டி.டி.பி. செய்துகொண்டிருந்தேன், கல்யாணப் பத்திரிகை, விழா மலர், புத்தகம் எல்லாம். முன் அறையில் ஒரு கம்ப்யூட்டர், அது என்னுடையது, டெலிபோன் ஒயர் வழியாக நெட் வருகிற மோடம் அதில்தான் இருந்தது. உள் அறையில் இன்னொன்று, அதில் டைப் அடித்தவள் செல்வி. கோட்டூர்புரம் ஆற்றோரத்திலிருந்து பஸ் ஏறி வருவாள், இருபத்திரண்டு வயதிருக்கும், என்னைவிட வேகமாகத் தமிழ் அடிப்பாள். இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்திருந்தேன். அவள் கம்ப்யூட்டருக்கு அவள் பேரையே, இங்கிலீஷில் ஐந்தெழுத்து, நான்தான் வைத்தேன்.

ஒரு பாட்டு டீச்சர் நாற்பது வருஷம் நோட்டு நோட்டாக எழுதி வைத்திருந்த ஸ்வரங்களைப் புத்தகமாகப் போடக் கொடுத்திருந்தார். செல்வி ஏழு மாதம் அடித்தாள். ஒருநாள் காலை மிஷினைப் போட்டால் அவள் அடித்ததெல்லாம் இருந்த ஃபோல்டரே இல்லை. முதல் நாள் சாயங்காலம் கடைசியாகப் போனவள் அவள். வேறு ஒரு பிரஸ்ஸில் அவளைக் கூப்பிடுவதாக அதற்குமுன் என் காதில் விழுந்திருந்தது. நான் யோசிக்கவே இல்லை. "நீ நாளையிலேருந்து வர வேண்டாம்" என்றேன். "நான் பண்ணல சார்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் என் சிநேகிதன் பாஸ்கரைக் கூப்பிட்டேன், ஒரு கம்பெனியில் நெட்வொர்க் பார்க்கிறவன். அவன் இரண்டு மணி நேரம் குடைந்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகமிருக்கிறது.

"மோடம்ல நெட்டைப் போட்டுட்டு, ஃபோல்டரை ஊருக்கே திறந்து வச்சிருக்கேடா. பாஸ்வேர்டுகூட இல்ல. வெளியிலேருந்து எவனோ வந்து அழிச்சிருக்கான். அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?"

அன்றைக்கே அவன் உள் மிஷினைச் சுத்தமாகத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டான், செல்வி என்ற பேரை எடுத்துவிட்டு வெறுமனே 'டூ' என்று வைத்தான். என் மிஷினில் ஒரு ஃபயர்வால் போட்டான். அப்போது அது புதுசு, வீட்டில் யாரும் வைத்துக்கொண்டதில்லை. "வாசல்ல வாட்ச்மேன் மாதிரி. யாரு வந்து தட்டினாலும் உன்னைக் கேக்காம விடமாட்டான். பேரைக் காட்டி விடலாமா வேணாமான்னு கேப்பான். தெரியாத பேர்னா 'நோ' போடு. தெரிஞ்ச பேரா இருந்து லேசா சந்தேகம் இருந்தாலும் 'நோ' போடு. வர்றது போறது எல்லாத்தையும் நேரத்தோட எழுதி வைப்பான்."

இதில் என் அசிங்கம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவள்மேல் தப்பில்லை என்று தெரிந்த பிறகும் நான் போய்ச் சொல்லவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஒன்றரை மாதம் ஓட்டினேன். டீச்சரின் நோட்டுகளை நானே உட்கார்ந்து திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு பக்கத்திலும் அவள் ஞாபகம் வரும், ஆனாலும் போகவில்லை.

அன்று வியாழக்கிழமை, பட்டப்பகல், மூன்று மணி இருக்கும். மைதிலி பேங்க்கில். தெருவில் சத்தமே இல்லை. டிங் என்றது. திரையில் ஃபயர்வாலின் பெட்டி. ஒரு கம்ப்யூட்டர் உள்ளே வரக் கேட்கிறது, விடலாமா? பேர் இருக்கிற இடத்தில் செல்வி என்று இருந்தது.

பழைய பேர் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைத்தேன். 'நோ' போட்டேன். ஒரு நிமிஷத்தில் திரும்பவும். 'நோ'. திரும்பவும். உள் அறைக்குப் போய்ப் பார்த்தேன், அந்த மிஷின் அணைந்து கிடந்தது, காலையிலிருந்து நான் அதைப் போடவே இல்லை. பிளக்கைப் பிடுங்கினேன். கேபிளையும் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். டிங். மோடத்திலிருந்து டெலிபோன் ஒயரை உருவினேன். இப்போது என் கம்ப்யூட்டருக்கும் உலகத்துக்கும் நடுவில் கரண்ட் ஒயரைத் தவிர எதுவும் இல்லை, நம்பினால் நம்புங்கள், அப்புறமும் அதே பெட்டி, அதே பேர்.

அணைத்துவிட்டு எழுந்திருக்கலாமே என்பீர்கள். மைதிலியும் அதைத்தான் கேட்டாள். என்னால் முடியவில்லை. அந்தப் பேரைப் பார்க்கப் பார்க்க, அந்தப் பெண் வாசலில் நின்று "நான் பண்ணல சார்" என்று சொல்கிற மாதிரியே இருந்தது, நான் திரும்பத் திரும்ப அவளை வெளியே போ என்கிற மாதிரி இருந்தது. கடைசியில் 'எஸ்' போட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. பெட்டி மறைந்தது. ஹார்ட் டிஸ்க் மட்டும் கரகரவென்று ஓடியது, யாரோ எல்லா அலமாரியையும் திறந்து பார்க்கிற மாதிரி, இரண்டு நிமிஷம் ஓடிவிட்டு நின்றது. ஃபயர்வால் எழுதி வைத்திருந்த பதிவைத் திறந்து எண்ணினேன். ஒன்பது 'நோ', ஒரு 'எஸ்'.

அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். ராத்திரி முழுக்க அதே நினைப்பு. மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்துக் கோட்டூர்புரம் போனேன், விசாரித்து விசாரித்து ஆற்றோரத்தில் அவள் வீட்டைக் கண்டுபிடித்தால், வாசலில் அவளே குடத்தோடு நிற்கிறாள். உயிரோடு.

"இன்னா சார், இவ்ளோ தூரம்?" என்றாள். முகம் வெளுத்திருந்தது.

நடந்ததைச் சொன்னேன், அதாவது ஃபோல்டர் போன காரணத்தை. என் தப்பு, மன்னிச்சுக்கம்மா, வேலைக்கு வா என்றேன். முதல் நாள் மத்தியானத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, சத்தியமாக. அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"நேத்து நல்ல ஜுரம் சார். மத்தியானம் படுத்துகினு கீறேன், கனாவுல உங்க வூட்டு வாசல்ல நிக்கறேன். கதவைத் தட்டறேன். உள்ளேருந்து நீங்க வேணாம் வேணாம்னு சொல்லிகினே கீறீங்க. ஒம்போது வாட்டி தட்டினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் தொறந்தீங்க."

"நீ உள்ள வந்தியா?"

"நான் வரல சார். எனக்குப் பின்னாடி ஒருத்தரு நின்னுகினு இருந்தாரு. அவரு நிக்கறதே எனக்குத் தெரியாது. நீங்க தொறந்ததும் என்னைத் தள்ளிட்டு அவரு உள்ள பூந்துட்டாரு."

"யாரு?"

"முதுகைத்தான் பாத்தேன். நீங்களும் நவுந்து வழி வுட்டீங்க சார், தெரிஞ்சவருக்கு வுடற மாதிரி." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "கோச்சுக்காதீங்க. அந்த வூட்டுக்கு நான் வரமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை பாஸ்கர் வந்து பதிவைப் பார்த்தான். ஒயர் இல்லாமல் எப்படி வரும் என்று அவனுக்கும் புரியவில்லை. ஒவ்வொரு வரிக்கும் வந்த நேரம், போன நேரம் இரண்டும் இருந்தன. அந்தப் பத்தாவதுக்கு மட்டும் வந்த நேரம் இருந்தது, போன நேரம் இல்லை. "மிஷின் நடுவுல ஹேங் ஆயிருக்கும்" என்றான், ஆனால் அன்றைக்குக் காபி குடிக்காமலேயே கிளம்பிவிட்டான். டீச்சரின் புத்தகத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, அந்தக் கம்ப்யூட்டரை விற்று, அந்த வருஷமே வீட்டைக் காலி செய்து நங்கநல்லூருக்கு வந்துவிட்டோம். இங்கே ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறோம்.

பாஸ்கரிடமும் மைதிலியிடமும் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. செல்வி "வழி வுட்டீங்க" என்று சொன்னபோதுதான் எனக்கே நினைவுக்கு வந்தது. அந்த முன் அறை குறுகலானது, நான் உட்கார்ந்தால் பின்னால் ஓர் ஆள் போக இடம் இருக்காது. 'எஸ்' போட்ட அந்த நிமிஷம் நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்துக்கொண்டு, முதுகை வளைத்துக் கொஞ்சம் இடம் விட்டேன். வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை.