மண்புழுத் தொட்டிக்குத் தண்ணீர்

பள்ளியில் அவருக்கு மண்புழு டீச்சர் என்று பெயர். பிள்ளைகள் வைத்தது, அவருக்கு அதில் பெருமை வேறு. புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு அவர் கதையை நான்தான் சொல்கிறேன். அவரைச் சொல்லவிட்டால் தன்னை விட்டுவிட்டுப் புழுவைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்.

தாவரவியல் எடுக்கத்தான் வந்தார். புத்தகத்தை வைத்துக்கொண்டு மண்ணைப் பற்றிப் பேசுவது வெறும் வாய்ப்பந்தல் என்று தலைமை ஆசிரியரிடம் மல்லுக்கட்டி, வாரம் ஒரு சுற்றுச்சூழல் வகுப்பும் மண்புழு உரம் தயாரிக்க ஒரு சிமெண்ட் தொட்டியும் வாங்கிவிட்டார். சாப்பாட்டில் மிஞ்சும் தோலும் காம்பும் தொட்டிப் புழுக்களுக்கு. வீட்டிலும் இதே பாடுதான். "டீத்தூளைக் கொட்டக்கூட இவகிட்ட அனுமதி வாங்கணும் சார்" என்று அவர் கணவர் என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்.

நான் கணக்கு வாத்தியார். என் போதாத காலம், தொட்டி என் வகுப்பு ஜன்னலுக்கு நேர் கீழே.

வெயில் ஏறியதும் அது நாற ஆரம்பித்தது. குடலைப் பிடுங்கும் நாற்றம். அல்ஜீப்ரா போதாதென்று பிள்ளைகளுக்கு இது வேறு.

தலைமை ஆசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை வந்து பாப்பேன். நாத்தம் போகலன்னா தொட்டியும் கிடையாது, அந்த வகுப்பும் கிடையாது."

டீச்சர் மூடியைத் திறந்து திறந்து பார்த்தார். உள்ளே சேறு. மழையும் இல்லை, குழாயும் ஒழுகவில்லை. அந்த வாரம் டீச்சர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை, பாவம்.

ஓர் இடைவேளையில் என் ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தவர், கோப்பையை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். கீழே பிள்ளைகள் வரிசையில் நின்று, பாட்டிலில் மிஞ்சிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, மூடியைப் பொறுப்பாக மூடிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பண்றீங்க?"

"உள்ள இருக்கறதெல்லாம் உசுரோட இருக்குன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க?" என்றாள் ஒரு ரெட்டைச்சடைக்காரி. "இந்த வெயில்ல தாகம் எடுக்காதா?"

விசாரித்தால், எல்லா வகுப்பும் ஊற்றியிருக்கிறது. ஒவ்வொன்றும் தாங்கள் மட்டும்தான் ஊற்றுகிறோம் என்று நினைத்து!

டீச்சர் படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார். "தப்பு என்மேலதான். உசுர் இருக்குன்னு சொன்னேன், மூச்சு விடணும்னு சொல்லவே இல்ல." தொட்டியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிழியச் சொன்னார். தண்ணீர் கொட்டியது. "பிழிஞ்சா சொட்டக் கூடாது, காத்து போகாம எல்லாம் அழுகிடும். லேசா ஈரம் இருந்தா போதும்."

ரெட்டைச்சடைக்காரிக்கு முகம் வெளிறிவிட்டது. "அப்போ நாங்க கொன்னுட்டோமா மிஸ்?"

டீச்சர் சிரிப்பை விட்டுவிட்டு வாளி எடுக்கப் போனார்.

தண்ணீரை வடித்தார்கள். சருகு போட்டார்கள், காகிதம் கிழித்துப் போட்டார்கள். என் பங்குக்குப் பழைய கணக்குத் தேர்வுத் தாள்களைக் கொடுத்தேன். பிள்ளைகளுக்குத்தான் ஜீரணமாகவில்லை, புழுக்களுக்காவது ஆகட்டும்.

வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியர் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். கொஞ்ச நேரம் நின்றார். கைக்குட்டையை எடுத்தார். குனிந்து மோந்து பார்த்தார்.

"மண்ணு வாசனைதான் வருது. சரி, இருக்கட்டும்."

பிள்ளைகள் போட்ட கூச்சலில் என் காது அடைத்துக்கொண்டது. டீச்சர் வாயெல்லாம் பல்லாக நின்றார். ரெட்டைச்சடைக்காரி மட்டும் கூச்சலில் சேரவில்லை. முழங்கை வரை தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல வெளியே எடுத்து டீச்சரிடம் நீட்டினாள். உள்ளங்கை மண்ணில் பெரியதாக ஒன்று நெளிந்தது. பக்கத்தில் நூல் போலக் குட்டிகள்.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த டீச்சர், தலைமை ஆசிரியர் முன்னாலேயே அழுதுவிட்டார்.

"நாங்க கொல்லல மிஸ்" என்றாள் அவள்.