யோகா சித்தியின் கல்வெட்டில் மிங் அரசர்கள்

ரூ காய் தெருத் தமிழ்க் கடையில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு நின்றபோது அம்மாவின் அழைப்பு வந்தது. "சித்தி மோசம் போட்டா" என்றார். வேலைக்குப் போகவென்று கார்ஜ் லே கொனெஸ் நிலையத்தில் ரயிலுக்குக் காத்து நின்ற இடத்திலேயே நெஞ்சுவலி வந்து உயிர் போய்விட்டது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து ஆரென்று கேட்டார். சொன்னேன். "அந்தச் சீனத்து அக்காவோ?" என்றார்.

ஓம், அவர்தான். யோகா சித்தி ஓர் அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை செய்தார். மிங் அரசர் காலத்து நீலமும் வெள்ளையுமான பீங்கான்கள் இருந்த கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்தவர், அவற்றின் கீழே இருந்த பிரெஞ்சு வரிகளையும் விடவில்லை. புரியாத சொற்களைத் துடைக்கும் காகிதத்தில் தமிழ் எழுத்தில் எழுதி வந்து என்னிடம் நீட்டுவார். அவர் எழுத்தில் அவை எந்த மொழியாகவும் இருக்காது. இருவரும் உரக்க வாசித்து வாசித்துச் சொல்லைப் பிடிப்போம். பிறகு நான் நூலகத்தில் புத்தகம் தேட வேண்டும்.

தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டியில் ஒருமுறை பெற்றோர் பிரிவுக்குப் பெயர் கொடுத்தார். தலைப்பைப் பதிந்த அண்ணையிடம் தொலைபேசியில், "நான் கல்வெட்டைப் பற்றிப் பேசப் போறன்" என்றார். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தையும் நாங்கள் கல்வெட்டு என்றுதானே சொல்கிறோம். அந்த அண்ணை பதறிவிட்டார்.

"ஐயோ, ஆர் தங்கச்சி செத்தது?"

"மிங் அரசர்மார். செத்துக் கனகாலம்."

எல்லாரும் சோழரைப் பேசிய அந்த மேடையில், முந்நூறு ஆண்டுக்குக் கிட்ட ஆண்ட அந்த வம்சத்தைச் சித்தி பேசினார். வடக்கு மதிலைச் செங்கல்லால் கட்டியதை, தூர்ந்த கால்வாயைத் திருத்தித் தலைநகருக்கு நெல் கொண்டுபோனதை, நம் கடலுக்குப் பெருங்கப்பல்களை அனுப்பியதைச் சொன்னார். "அந்தக் கப்பல்காரர் இலங்கையிலை, காலித் துறைமுகத்திலை நட்ட கல்லிலை மூண்டு மொழி. சீனத்திலை புத்தருக்கு, பாரசீகத்திலை அல்லாவுக்கு, தமிழிலை பெருமாளுக்குக் காணிக்கை."

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "போரிலை ஆயுதம் குடுத்துச் சீனன் எங்களுக்குச் செய்தது காணாதெண்டு அவனுக்குப் புகழ் வேறையோ?"

மண்டபம் கைதட்டியது. அது நடந்தது ஊரில் போர் முடிந்து எங்கள் எல்லாருடைய வீட்டிலும் துக்கம் இருந்த ஆண்டு. அவரை நான் குறை சொல்லவில்லை. நானே கதிரையில் தாழ்ந்து, சித்தியைத் தெரியாதவள்போல இருந்தேன்.

சித்தி கைதட்டல் முடியும்வரை நின்றார்.

"அண்ணை, அதே கப்பல்காரர் இலங்கை ராசாவையும் பிடிச்சுக்கொண்டு போனவை. அது அடுத்த பக்கத்திலை கிடக்கு. இருந்து கேளுங்கோ. இண்டைய அரசாங்கத்துக்கு நான் மாலை போடேல்லை. ஆனா அந்தக் கல்லிலை இருக்கிறது எங்கடை எழுத்து. பிடிக்காத ஆக்கள் வெட்டினதெண்டு அழிச்சுப் போடுறதோ?"

அடுத்த பக்கத்தை வாசித்தார். பரிசு இல்லை. ரயிலில் நான் வெட்கத்தில் பிரெஞ்சிலேயே பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். "கை தட்டினது அவருக்கு. காது குடுத்தது எனக்கு" என்று சொல்லிவிட்டுச் சித்தி நித்திரையாகிவிட்டார்.

பிற்காலத்தில் அந்தக் கல்லை எழுத்துக் கீழே இருக்கக் கவிழ்த்து, வாய்க்காலுக்கு மூடியாகப் போட்டிருந்தார்கள் என்று பிறகு புத்தகத்தில் கண்டேன். சித்திக்கு வாசித்துக் காட்டினேன். "எங்களுக்கெண்டால் அப்பிடித்தான்" என்று சிரித்தார்.

சென்ற கிழமை, இந்தக் கல்வெட்டை அச்சுக்குக் கொடுக்கும் பெரியப்பா நான் எழுதியதை வாசித்தார்.

"சீனத்தை எடு பிள்ளை. சனம் கதைக்கும். அமைதியான மனுசி எண்டு எழுதன்."

"அவ அமைதியான மனுசி இல்லைப் பெரியப்பா."

"அச்சுக்குக் குடுக்கிறது நான்."

"அப்ப என்ரை பக்கத்தை வெள்ளையா விட்டு, அடியிலை பேரை மட்டும் போடுங்கோ. ஏனெண்டு கேக்கிற எல்லாருக்கும் நான் வாயாலை சொல்லுறன்."

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அவவின்ரை வாய் உனக்கு" என்றார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதனால்தான் இது உங்கள் கையில் இருக்கிறது.

சித்தியின் காகிதங்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றைவிடப் பெரிதாக அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. இன்று இந்த மண்டபத்தில் இதை நானே வாசிப்பேன். யாராவது முணுமுணுத்தால் இந்த முறை தாழ்ந்து இருக்கமாட்டேன். முணுமுணுப்பு முடியும்வரை நிற்பேன். பிறகு அடுத்த பக்கத்தை வாசிப்பேன்.