மினி டிராக்டரும் மாப்பிள்ளையின் விசாவும்

போன மாதம் தென்காசியில் ஒரு டிராக்டர் ஷோரூமில் என்னைத் திருடன் என்று நினைத்துவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு, ஏ.சி., மாலை போட்டு நிறுத்திய புது வண்டி என்று எல்லாம் இருக்கும்போது, ஒரு ஆள் பின்பக்கத்து ஷெட்டில் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார்கள்?

“அண்ணாச்சி, அங்கன என்ன தேடுதிய?” என்றார் சேல்ஸ்மேன்.

“பாத்ரூம்...”

“பாத்ரூம் வண்டிக்கு அடியிலயா இருக்கு?”

விஷயம் இதுதான். என் தங்கை பேச்சியம்மாளின் வீட்டுக்காரர் முருகையா கத்தாரில் லாரி ஓட்டுகிறார். லீவில் வந்திருக்கிறார். இந்தத் தடவை அவர் திரும்பிப் போகக்கூடாது என்பது தங்கையின் ஆசை. அவருக்கும்தான். சுந்தரபாண்டியபுரத்தில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. சுற்றிலும் எலுமிச்சையும் தென்னையும். பெரிய டிராக்டர் அந்த மரங்களுக்கு நடுவே திரும்பாது. மினி டிராக்டர் ஒன்று வாங்கினால் சொந்த உழவும் ஆச்சு, வாடகை உழவும் ஆச்சு. வண்டி சரியாக அமைந்தால் மாப்பிள்ளை இங்கே. மழை பெய்த வாரத்தில் வண்டி படுத்துவிட்டால்? கூப்பிட்டவர்கள் வேறு வண்டியைப் பார்த்துப் போய்விடுவார்கள். மாப்பிள்ளை மறுபடியும் பிளைட் ஏற வேண்டியதுதான்.

எந்தக் கம்பெனி வண்டி என்று பார்க்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவனிடம் எதற்கு இந்த வேலை? எனக்கு எதிலும் நம்பிக்கை வராது. அந்தத் தகுதிதான்.

கம்பெனி பெயர்களைச் சொல்லப் போவதில்லை. அதற்கும் பயம்தான்.

புது வண்டி எல்லாம் அழகாகத்தான் இருக்கும். அதனால் நான் முன்பக்கம் பார்ப்பதில்லை. நேராகப் பின்பக்கம், ரிப்பேர் ஷெட். என்னைத் திருடனாகப் பார்த்த அந்த ஷோரூமில் வண்டிகள் வயிற்றைத் திறந்துபோட்டபடி வரிசையாக நின்றன. ஒரு டயரைச் சுற்றிப் புல்லே முளைத்திருந்தது.

“பார்ட்ஸ் வரணும் அண்ணாச்சி.”

“எப்ப வரும்?”

“வந்துக்கிட்டே இருக்கு.”

எங்கிருந்து... நடந்தா?

இரண்டாவது ஷோரூமில் ஷெட் துடைத்துவைத்த மாதிரி காலி. சந்தோஷமாக வெளியே வந்தேன். வாசலைத் தாண்டுவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. வண்டி ரிப்பேரே ஆகவில்லையா, இல்லை... ரிப்பேர் பார்க்க ஆளே இல்லையா? திரும்பிப் போய் மெக்கானிக் எங்கே என்று கேட்டேன். “ஃபீல்டுல இருக்காரு” என்றார் அங்கிருந்த சேல்ஸ்மேன். நம்பர் கேட்டேன், கொடுத்தார். அங்கேயே நின்று போன் போட்டேன். மணி அடித்தது — அவருடைய சட்டைப் பையில்.

“எதுனாலும் என்கிட்ட சொல்லுங்க, நான் அவருகிட்ட சொல்லிருதேன்” என்றார். முகம் கொஞ்சமும் மாறவில்லை.

வாங்கியவர்களைக் கேட்கலாமே என்பீர்கள். கேட்டேன். கடையத்தில் ஒருவர் தன் வண்டியை ராஜா, யானை என்றெல்லாம் புகழ்ந்தார். ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா என்றேன். “சர்வீசுக்குப் போயிருக்கு” என்றார். நம் பக்கம் வண்டி வாங்கியவன் அதைக் குறை சொல்லவே மாட்டான். நாளைக்கு அதை விற்க வேண்டும் இல்லையா? கேட்கிற நம் தலையிலேயேகூடக் கட்டலாம்.

மூன்றாவது, வீரகேரளம்புதூர் ரோட்டில் ஒரு சின்னக் கடை. ஏ.சி. கிடையாது. பார்ட்ஸ் கவுண்டரில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவன் போல, “முன் ஆக்சில் ஆயில் சீல் இருக்கா?” என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் மேஜைமேல் வந்துவிட்டது.

“கேட்ட உடனே எடுக்கியளே... அடிக்கடி போகுதோ?”

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சேத்துல எறக்குனா எல்லாக் கம்பெனிக்கும் போகத்தான் செய்யும். எங்ககிட்ட இருக்கு, அம்புட்டுதான். ஹைட்ராலிக் பம்பு கேட்டியன்னா இருக்காது. மதுரையிலருந்துதான் வரணும். வெதைப்பு நேரத்துல போன் போட்ட ஒடனே வந்துருவோம்னும் சொல்ல மாட்டேன்.”

வாங்க வந்தவனிடம் தன் குறையைத் தானே சொல்கிற ஆளை எப்படி நம்புவது? இதில் என்ன உள்குத்து? சங்கரன்கோவில், கோவில்பட்டி வரைக்கும் போய் இன்னும் நாலு கடை பார்க்கலாம் என்று வீட்டில் வந்து சொன்னேன்.

தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள். “எண்ணே, எனக்கு மாப்பிள்ளை பாக்கயிலகூட நீ இவ்வளவு விசாரிக்கல. நீ விசாரிச்சு முடிக்கதுக்குள்ள இவுக லீவு முடிஞ்சிரும். கத்தார்க்காரன் உனக்கு எதும் சம்பளம் தாரானா?”

மறுநாளே மூன்றாவது கடையில் வண்டியை எடுத்தோம்.

ஆனாலும் முருகையா, வேலையை விடுவதாகக் கத்தார் கம்பெனிக்கு இன்னும் சொல்லவில்லை. “மொதல்ல ஓட்டிப் பாக்குதேன் மச்சான்” என்றார். அவருக்கும் என் வியாதி ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

முதல் உழவு, பக்கத்து எலுமிச்சைத் தோப்பில். பின்னால் மாட்டியிருந்த, மண்ணைக் கிளறுகிற ரொட்டவேட்டரைத் தூக்கியபடி ஓட்டிப் போய், வண்டியைத் திருப்பி, லிவரை அழுத்தினார். அது இறங்கவில்லை. மறுபடி அழுத்தினார். அப்படியே அந்தரத்தில் நின்றது.

“என்ன மருமவனே, ஆகாசத்தை உழப் போறியளா?” என்றார் தோப்புக்காரர்.

முருகையா வண்டியை அணைத்தார். வரப்பில் நின்ற தங்கை அவரைப் பார்க்கவில்லை, அவர் சட்டைப் பையில் இருந்த போனைப் பார்த்தாள். தூக்கி இறக்குகிற அந்த ஹைட்ராலிக் பம்புதான் போய்விட்டது, மதுரையிலிருந்துதான் வர வேண்டும் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அந்தப் பார்ட்ஸ் கவுண்டர் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

குற்றாலத்தில் தண்ணீர் விழுகிற நேரம். ரோடு முழுக்க அருவிக்குப் போகிற கார்கள். அந்த நெரிசலுக்குள் புகுந்து, சாரலில் நனைந்துகொண்டு, மெக்கானிக் பைக்கில் வந்துவிட்டார். சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு திருகைத் தளர்த்தினார். ரொட்டவேட்டர் மெதுவாக மண்ணில் உட்கார்ந்தது.

“எறங்குற வேகத்துக்கான திருகு இது. முழுசா மூடுனா எறங்காது. யாரோ நல்லா முறுக்கி வச்சிருக்காவ.”

யாரோ என்ன யாரோ... முந்தின நாள் சாயங்காலம், புது வண்டியில் எது எது லூசாக இருக்கிறதோ என்று கையில் அகப்பட்டதையெல்லாம் இறுக்கிவைத்த புண்ணியவான் வேறு யார்?

முருகையா என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம் இல்லை. “ஒரு திருகுக்கே மெக்கானிக்கு ஓடி வந்துட்டாம்லா மச்சான்” என்றார். அன்றைக்கே கத்தாருக்குப் போன் போட்டு, இனி வரவில்லை என்று சொல்லிவிட்டார். தங்கை அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் ஒரு யோசனை ஓடிக்கொண்டே இருக்கிறது — கூப்பிட்டதும் ஓடி வருகிறார் என்றால், அந்தக் கடையில் எங்களைத் தவிர வேறு யாரும் வண்டியே வாங்கவில்லையோ?