பத்து இன்ச் போதும் நைனா

போன வாரம் ஒரு காலையில் பால் வாங்க இறங்கினேன். குவார்ட்டர்ஸ் படிக்கட்டின் கடைசிப் படியை முழுதாக அடைத்துக்கொண்டு ஒரு நாய் படுத்திருந்தது. "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்றேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே பால்காரர். "இன்னா சார், நாய்க்கு இன்னாத்துக்கு இவ்ளோ மரியாத?" என்றார். கோயமுத்தூரில் வளர்ந்த நாக்கு, ஆவடிக்கு வந்து மூன்று வருடமாகியும் 'ங்க' இல்லாமல் புரள மறுக்கிறது. நாயோ அசையவில்லை. ஆவடி நாய், யாரிடமோ பேசுகிறார் போலிருக்கிறது என்று நினைத்திருக்கும். நான்தான் தாண்டிக் குதித்தேன்.

இந்த ஊருக்கு நான் மனைவியின் பின்னால் வந்தவன். வளர்மதிக்கு இங்குள்ள ஓர் அரசு ஆலையின் அலுவலகத்துக்கு மாற்றல் வந்தது. இருபத்திரண்டு வருடம் பம்ப் பட்டறையில் லேத் ஓட்டிய நான், எண்ணெய்க் கையைக் கழுவிவிட்டுப் பெட்டி தூக்கினேன். குவார்ட்டர்ஸில் எனக்குப் பெயர் கிடையாது. 'வளர்மதி மேடம் வீட்டுக்காரர்', அவ்வளவுதான். தண்ணீர் மோட்டார் கெட்டாலும், கீழ்வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள் என்றாலும் அந்தப் பெயரில்தான் அழைப்பு வரும். அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் சொந்தப் பெயரை ரேஷன் கார்டில் மட்டும் பார்ப்பது நன்றாகவா இருக்கிறது? முத்தாபுதுப்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக இருந்த மரவேலையைத் தொழிலாக்கினேன். பூஜை அலமாரி, செருப்பு ஸ்டாண்டு என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் வளர்மதியின் அலுவலகத்தில் ஒருவர் சிபாரிசு செய்ய, திருவேற்காட்டில் பதினான்கு கதவுகள் என்னைக் கூப்பிட்டன.

புது அடுக்குமாடி. கதவு நிலையைச் சுற்றிச் சுவரோடு ஒட்டி அடிக்கும் தேக்குப் பட்டி வேலை. மேல்மூலைகளில் இரண்டு பட்டிகளும் சாய்வாக வெட்டப்பட்டு, ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். கதவுக்கு இரு பக்கம், பக்கத்துக்கு இரண்டு மூலை, ஆக ஐம்பத்தாறு மூலைகள். சைட் இன்ஜினியர் குமரவேல் மதுரைக்காரர். சிரித்துக்கொண்டே கழுத்தில் கத்தி வைக்கத் தெரிந்தவர். "அண்ணே, சனிக்கிழமை ஒரு கதவு முடிச்சுக் காட்டுங்க. மூலையில என் விசிட்டிங் கார்டு நுழைஞ்சுச்சுன்னா வேற ஆளு பாத்துக்குறேன். கோவிச்சுக்கக் கூடாது" என்றார். கைரம்பத்தால் ஐம்பத்தாறு மூலை வெட்டினால் என் பேரன்தான் திறப்பு விழாவுக்குப் போவான். மைட்டர் சா வாங்கியே ஆக வேண்டும். வட்டப் பிளேடை மேலிருந்து கைப்பிடியால் இறக்கி, மரத்தை வேண்டிய சாய்வில் வெட்டும் மெஷின் அது. அன்று செவ்வாய்.

கோவைப் பக்கத்து வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டியதில்லை: நாம் மெஷினைப் பார்ப்பதில்லை, மோட்டாரைப் பார்ப்போம். பெண் பார்க்கப் போன வீட்டில்கூடக் கிணற்றடிக்குப் போய் "எத்தனை எச்.பி.ங்க?" என்று விசாரித்த பெரியப்பா எனக்கு உண்டு. அந்த ரத்தத்தோடு அம்பத்தூரில் ஒரு டூல்ஸ் கடைக்குள் நுழைந்தேன். கடை தனலட்சுமி அக்காவுடையது. ஐம்பது வயதிருக்கும், காதில் பென்சில், கையில் ஸ்பேனர். எட்டு, பத்து, பன்னிரண்டு இன்ச் பிளேடு போட்ட மூன்று மெஷின்கள் மேசைமேல் வரிசையாக இருந்தன. பன்னிரண்டைப் பார்த்ததும் எனக்குக் காதல் வந்துவிட்டது. "அக்கா, இதோட மோட்டார் எத்தனை வாட்ஸுங்க? லோடு கொடுத்தா வேகம் எறங்குங்களா? வைண்டிங் செம்புதானுங்களா?" என்று அடுக்கினேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டு முடித்தார்.

"அதெல்லாம் கீது. நீ இன்னா வெட்டப் போற?"

"தேக்குப் பட்டிங்க."

"எத்தினி அகலம்?"

வாய் திறந்தேன். மூணா, நாலா? மோட்டாரின் ஜாதகமே தெரிந்த எனக்கு மரத்தின் அகலம் தெரியவில்லை. கைவிரல்களை விரித்து "இவ்வளவு இருக்கும்ங்க" என்று காட்டினேன். விரல்கள் விரிந்து சுருங்கியதில் அகலம் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே ஆடியது.

"அளவு ஜாக்கெட்டு இல்லாம டெய்லராண்ட போய் நிப்பாங்களா நைனா? போய்க் கட்டையை எடுத்துகினு வா" என்றார்.

கடையிலிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். எங்கள் ஊர்க் கடையாக இருந்தால், "அதுக்கென்னங்க, உங்களுக்குப் புடிச்சதையே எடுத்துக்குங்க" என்று பணிவாகத் தலையில் கட்டி அனுப்பியிருப்பார்கள். மரியாதையாக ஏமாறுவது ஒரு சுகம். 'நீ' என்று திட்டு வாங்கித் தப்பிப்பது வேறொரு சுகம். அது பழகச் சில வருடங்கள் ஆகும்.

பட்டித் துண்டோடு மறுபடி போய் நின்றபோது மத்தியானம். மூன்றரை இன்ச் அகலம். நேராக வெட்டினால் மூன்றரை. நாற்பத்தைந்து டிகிரி சாய்த்தால் வெட்டும் கோடு கிட்டத்தட்ட ஐந்து இன்ச் நீள்கிறது. மெஷினுக்கு எட்ட வேண்டியது அந்தச் சாய்ந்த கோடு. அக்கா எட்டு இன்ச் பிளேடை இறக்கிக் காட்டினார். பட்டியின் ஓரத்தில் விரல் அகலம் வெட்டுப்படாமல் நின்றது. "திருப்பிப் போட்டு வெட்டினா ரெண்டு வெட்டும் சேராது, நடுவுல படிக்கட்டு வுழும்" என்றார். பத்து இன்ச் முழுதாகக் கடந்து, இன்னும் கொஞ்சம் மிச்சமும் வைத்தது. பன்னிரண்டு அலட்சியமாகக் கடந்தது. "அப்ப பன்னெண்டுதானுங்க பெஸ்ட்டு?" என்றேன், காதல் விடாமல்.

"தூக்கு" என்றார் அக்கா.

தூக்கினேன். "சிக்னல் வரிக்கும் போய்ட்டு வா." டீக்கடை தாண்டுவதற்குள் என் முதுகு ஏதோ வேற்றுமொழியில் பேச ஆரம்பித்தது. திருவேற்காட்டில் வேலை மூன்றாம் மாடி; லிப்ட் இன்னும் வரவில்லை. சிக்னலைப் பார்த்தேன், மனசுக்குள்ளேயே தொட்டுவிட்டுத் திரும்பினேன். "பெரிய பிளேடு, ஓரத்துல லேசா ஆடும். உனுக்கு மூலை சுத்தமா வரணும். அகலப் பலகைக்கு நெறைய வேலை கீற ஆளுக்குத்தான் அது. பத்து இன்ச் போதும் நைனா" என்றார். வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை கொட்டகையில் முதல் சோதனை. மெஷினின் கோண முள் நாற்பத்தைந்தில். இரண்டு துண்டு வெட்டி மூலை சேர்த்தேன். உட்பக்கம் ஒட்டியது, வெளிப்பக்கம் ஒரு எறும்புக் குடும்பம் குடியேறும் அளவுக்குச் சந்து. இந்த இடத்தில் ஒரு வீரன் என்ன செய்வான் என்று தெரியாது. நான் போனை எடுத்து, கோயமுத்தூர் ரயிலில் இடமிருக்கிறதா என்று பார்த்தேன். ஆபீஸ் இடைவேளையில் மதியச் சாப்பாடு கொண்டுவந்த வளர்மதி திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஒரு ஆளுக்கு டிக்கெட் போடறீங்களா, ரெண்டு ஆளுக்கா?"

"மெஷின் சரியில்ல வளர்."

"லேத்துல புதுசா எதையாச்சும் மாட்டுனா மொதல்ல என்ன பண்ணுவீங்க?"

"சரியா ஒக்காந்திருக்கான்னு பார்ப்பேன்."

"இதுல பார்த்தீங்களா?"

டிபன் கேரியரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்த மெஷின், லாரியில் எத்தனை குழி தாண்டி வந்ததோ. முள் சொல்வதை நம்பி ஒரு லேத்காரன் வேலை செய்வானா? செங்கோணம் பார்க்கும் பழைய மூலைமட்டத்தை எடுத்தேன். கோவையிலிருந்து துணிமணிக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்தது. பிளேடை நேராக நிறுத்தி, மரம் சாயும் தடுப்புச் சுவரோடு மட்டம் பார்த்தேன். மயிரிழை விலகல். போல்ட்டைத் தளர்த்தி, தட்டி, இறுக்கி, மறுபடி பார்த்தேன். ஏழாவது தடவை வெட்டிய இரண்டு துண்டுகளையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். நடுவில் வெளிச்சம் வரவில்லை. கொட்டகையில் தனியாக ஒரு மனிதன் ஆடினான் என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொன்னால் நம்புங்கள்.

சனிக்கிழமை. பத்து இன்ச்சைத் தோளில் ஏற்றி மூன்று மாடி. ஒவ்வொரு மாடியிலும் தனலட்சுமி அக்காவுக்கு ஒரு கும்பிடு. முதல் கதவின் பட்டிகளை வெட்டி, பசை வைத்து, அடித்து முடித்தேன். குமரவேல் சட்டைப்பையிலிருந்து கார்டை உருவினார். மூலையில் வைத்து அழுத்தினார். என் மூச்சு அந்தக் கார்டின் நுனியில் இருந்தது. கார்டு மடங்கியது. திருப்பி வைத்தார்; மடங்கியது. மற்ற மூலைக்குப் போய் நகத்தால் தேடினார். அங்கும் வழியில்லை.

"அண்ணே, என் கார்டைக் கெடுத்துட்டீங்களேண்ணே" என்றார். "பதினாலும் உங்களுதுதான்." பிறகு போனை எடுத்துத் தயங்கினார். "உங்க நம்பரை வளர்மதி மேடம் ஹஸ்பண்டுன்னுல்ல போட்டு வச்சிருக்கேன். பேரு என்னண்ணே?"

"செந்தில்நாதனுங்க" என்றேன். சத்தம் காலி அறையில் எதிரொலித்துவிட்டது. அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவதைத் தோளுக்கு மேல் எட்டி நின்று பார்த்தேன். ஒற்றுப்பிழை இல்லை.

ஐம்பத்தாறு மூலையும் முடிந்த பிறகு கொட்டகைக்கு ஒரு போர்டு வைத்தேன். எழுத வந்த பெயின்டர், "இன்னா பேரு போடட்டும்?" என்றார். ஒரு நாள் அவகாசம் கேட்டு யோசித்தேன். ஊரில் என்னை 'மெட்ராஸ்காரர்' என்று கூப்பிட ஆரம்பித்து இரண்டு பொங்கல் ஆகிறது. இங்கே அடுத்த தெருவில் கேட்டால் 'அந்தக் கோயமுத்தூர்க்காரர் ஷெட்டா?' என்று கை நீட்டுகிறார்கள். கடைசியில் இரண்டு வரி எழுதச் சொன்னேன். மேலே 'கோவை செந்தில்நாதன் மரவேலை'. கீழே 'முத்தாபுதுப்பேட்டை'. சுற்றிலும் தேக்குச் சட்டம் நானே அடித்தேன். மாட்டிவிட்டு, எதிர்ப்புறம் போய் நின்று பார்த்தேன். ஒரு ஷேர் ஆட்டோ வந்து குறுக்கே நின்று கீழ்வரியை மறைத்தது. ஆள் ஏறி முடிகிறவரை போர்டில் கோவை மட்டும் இருந்தது. கொஞ்ச நேரம் நான் அந்தத் தெருவிலேயே எங்கள் ஊரில் நின்றேன். ஆட்டோ நகர்ந்ததும் இரண்டு வரியும் தெரிந்தன. சாலையைக் கடந்து, கொட்டகையைத் திறந்தேன்.